89 அங்குல மஸ்டாங் கிட்: ராமநாதபுரம் கரைக்குத் தாங்குமா?

ரிமோட்டில் பறக்கும் இந்த மாதிரி விமானக் கிட்டின் மரவேலைக்கு முழு மதிப்பெண். பெட்டியோடு வரும் திருகு, கம்பி, சக்கரக்கால் மூன்றையும் நம்பி உப்புக்காற்றில் இறக்க முடியாது.

அசல் பி-51 மஸ்டாங் போர் விமானத்தின் இறக்கை, முனையிலிருந்து முனைவரை 37 அடி. அதில் ஐந்தில் ஒரு பங்கு இது. பால்சா (எடை குறைந்த மரம்), பிளைவுட் ஒட்டுகள் சுத்தம்; இறக்கையில் முறுக்கல் இல்லை. வெயிலில் மேலுறை ஃபிலிம் சுருக்கம் விடும், அயர்ன் பாக்ஸை மிதமான சூட்டில் ஓட்டினால் இறுகிவிடும்.

சாதா இரும்புத் திருகுகளையும் கம்பிகளையும் முதலிலேயே தூக்கிப் போட்டுவிட்டு ஸ்டெயின்லெஸ் போடுங்கள். என்ஜின் போல்ட்டுக்கு மட்டும் ஹை-டென்சைல் எனும் உறுதியான எஃகுதான் வேண்டும். திரெட்டில் (திருகின் புரியில்) கழலாமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை, தலையில் மட்டும் ஒரு துடைப்பு எண்ணெய்; திரெட்டில் எண்ணெய் பட்டால் லாக்டைட் பிடிக்காது. என்ஜின் பொருந்தும் முன்பலகையான பயர்வாலுக்கு எபாக்சி இரண்டு கை பூசுங்கள். பெட்ரோல் ஊறினால் பிளைவுட் ஒட்டு விட்டுப்போகும்.

கிட்டின் பலவீனம் எலக்ட்ரிக் ரிட்ராக்ட், அதாவது சக்கரக்காலை உள்ளே மடக்கும் மோட்டார் அமைப்பு. மூட்டில் மணல் ஏறினால் மோட்டார் திணறும், ஒரு கால் பாதியில் நின்றுவிடும். கிரீஸ் தடவினால் மணல் இன்னும் அப்பிக்கொள்ளும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, சிலிக்கான் ஸ்ப்ரே லேசாக அடித்தால் போதும். ரிட்ராக்டுக்குத் தனி பேட்டரி கொடுங்கள். அது சிக்கி இழுக்கும் கரண்ட், ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரைச் சாய்க்கக் கூடாது.

55 சிசி டூ-ஸ்ட்ரோக் பெட்ரோல் என்ஜினும் 22×8 (விட்டம் 22, பிட்ச் 8 அங்குலம்) புரொப்பெல்லரும் சரியான ஜோடி. 30:1 கலவை, அதாவது லிட்டருக்கு 33 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில். பங்க் பெட்ரோலில் இப்போது எத்தனால் இருக்கிறது. கடலோர ஈரத்தை அது உறிஞ்சும், கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாபிரம் சவ்வும் விறைத்துப்போகும். பறந்து முடித்ததும் டேங்கைக் காலிசெய்து, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டிவிடுங்கள். கவுலிங்குக்குள் (என்ஜின் மூடிக்குள்) காற்று சிலிண்டர் துடுப்புகள் வழியாகவே போகும்படி தடுப்பு வையுங்கள். வெளியேறும் வழி நுழையும் வழியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இந்த ஊர் வெக்கையில் இதை விட்டால் என்ஜின் வானத்திலேயே அணையும்.

சி.ஜி.யை (எடை சமநிலைப் புள்ளியை) டேங்க் காலியாக, விமானத்தைக் கவிழ்த்துப் பிடித்துப் பாருங்கள். டேங்க் முன்னால் இருப்பதால் பெட்ரோல் தீரத் தீர வால் கனக்கும். வால் கனத்த மஸ்டாங் இறங்கும்போது இறக்கை முனை ஸ்டால் ஆகி (தூக்கும் விசை இழந்து) புரளும்.

கடற்கரை மணல் ஓடுபாதைக்கு ஆகாது, சக்கரம் புதைந்து மூக்கு குத்தும். கோடையில் வற்றிய கண்மாயின் இறுகிய தரை எவ்வளவோ மேல். ஆனால் சீமைக்கருவேல முள்ளைப் பொறுக்கிவிட்டுத்தான் இறக்க வேண்டும். காற்றடைத்த டயர் ஒரு முள்ளுக்குத் தாங்காது. கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் விடியற்காலையைத் தவிர வேறு நேரம் வேண்டாம்.

ஓடத் தொடங்கும்போது எலிவேட்டரை (வாலின் கிடைத் தகட்டை இயக்கும் ஸ்டிக்கை) பின்னுக்கு இழுத்து வாலை அமுக்குங்கள், வேகம் கூடியதும் மெல்ல விடுங்கள். வேகம் கூடக்கூட இடப்பக்கம் இழுக்கும், வால் சுக்கானான ரட்டரை வலப்பக்கம் கொடுத்துப் பிடியுங்கள். இறங்கும்போது திராட்டிலை முழுக்க மூடாமல், முன்சக்கரங்கள் இரண்டிலும் தொடவையுங்கள்.

உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து தளம் இருப்பதால், எந்த இடமானாலும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் சிவப்பு (பறக்கத் தடையுள்ள) மண்டலமா என்று பார்த்த பிறகே பெட்டியைத் திறங்கள்.