ஏற்காட்டிலிருந்து வரும் தரவு: இழுப்பதா, தள்ளவிடுவதா?

ஏற்காட்டுக் காபித் தோட்டம் ஒன்றில், கொட்டை காயும் களத்தில் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளக்கும் சென்சார்கள் இருக்கின்றன என்று வையுங்கள். இணைப்பு இருக்கும் நேரத்தில் அளவீடுகள் உடனுக்குடன் சேலத்துக்கு வந்துவிடும். மழையில் மின்சாரம் போனால் மேலேயே கோப்பில் சேர்ந்து, பிறகு மொத்தமாக வந்து விழும். இதை ஜாவாஸ்கிரிப்ட்டில் எப்படி வாங்குவது என்று கேட்டால், ஐந்து ரோட்டில் டீ குடிக்கும் நாலு புரோகிராமர்கள் நாலு பதில் சொல்வார்கள்.

முதல் பதில், மதிப்புகளை ஒவ்வொன்றாக, தேவைப்பட்டால் காத்திருந்து தரும் ஃபங்ஷனான அசிங்க் ஜெனரேட்டரும், அவற்றை ஒவ்வொன்றாக வாங்கும் ஃபார் அவெயிட் சுற்றும். 2018 முதல் மொழியிலேயே இருக்கிறது. இது இழுக்கும் முறை: வாசிப்பவர் கேட்டால்தான் அடுத்த அளவீடு வரும். டேட்டாபேஸ் மெதுவாக எழுதினால் கோப்பை வாசிப்பதும் தானாக மெதுவாகும், நினைவகம் வீங்காது. நடுவில் பிரேக் போட்டு வெளியேறினால் ஜெனரேட்டரின் ஃபைனலி பகுதி, அதாவது கடைசியில் சுத்தம் செய்யும் பகுதி, ஓடும். திறந்த கோப்பை அங்கே மூடிவிடலாம். இந்த ஒரு வசதிக்காகவே இதன் மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு.

குறை என்னவென்றால், ஒவ்வொன்றையும் மாற்றும் மேப், வடிகட்டும் ஃபில்டர், முதல் சிலவற்றை மட்டும் எடுக்கும் டேக் எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டும். மொழியின் 2025 பதிப்பான இஎஸ்2025-இல்தான் இட்டரேட்டர் (மதிப்புகளை ஒவ்வொன்றாகத் தரும் பொருள்) உதவிகள் வந்துவிட்டனவே என்று கேட்பார்கள். வந்தவை சாதாரண இட்டரேட்டருக்கு மட்டும். அசிங்க் ஜெனரேட்டரில் மேப் என்று கூப்பிட்டால் அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்று பிழைதான் வரும். இதைவிட மோசம், சாதாரண இட்டரேட்டரின் ஃபில்டருக்குள் அசிங்க் ஃபங்ஷனைக் கொடுப்பது. அந்த ஃபங்ஷன் திருப்பித் தருவது ஒரு பிராமிஸ், அதாவது பதில் பிறகு வரும் என்ற வாக்குறுதி. பிராமிஸ் எப்போதும் உண்மை என்றே கணக்கு. அதனால் ஒன்றுகூட வடிகட்டப்படாமல் எல்லாம் உள்ளே போகும், பிழைச் செய்தியும் வராது.

அசிங்க் வகைக்கான உதவிகள் தனி முன்மொழிவாகப் பிரிக்கப்பட்டு நிற்கின்றன. காரணம் நியாயமானது. ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஒரு சர்வரைக் கேட்க வேண்டும் என்றால், ஒன்று முடிந்துதான் அடுத்தது என்று காத்திருப்பது வீண். சில கேள்விகளை ஒரே நேரத்தில் அனுப்ப வழி வேண்டும். ஆனால் அசிங்க் ஜெனரேட்டர், முதல் நெக்ஸ்ட் (அடுத்ததைத் தா என்ற அழைப்பு) முடியும்வரை அடுத்த நெக்ஸ்டை வரிசையில் நிறுத்திவிடும். ஆகவே நாம் ஜெனரேட்டராக எழுதிக்கொள்ளும் மேப்பும் ஒற்றையடிப் பாதைதான்.

அந்த இடத்தில் இரண்டாவது பதில் கைகொடுக்கும்: பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட் (Node), அதன் ஸ்ட்ரீம்களிலேயே (தரவு ஓட்டங்கள்) இருக்கும் மேப், ஃபில்டர். கன்கரன்சி என்று ஒரு எண்ணைக் கொடுத்தால் அத்தனை வேலை ஒரே நேரத்தில் நடக்கும், முடிவுகள் மட்டும் அளவீடுகள் வந்த வரிசையிலேயே வெளியேறும். நேர வரிசை முக்கியமான சென்சார் தரவுக்கு இது பெரிய விஷயம். நோட் ஆவணத்தில் சோதனை நிலை என்ற முத்திரையோடு வந்தவை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசரில் இவை கிடையாது. முடிவில்லாத ஓட்டத்தில், எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகச் சேர்க்கும் டூஅர்ரேயைக் கூப்பிட்டால் பதிலே வராது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, நிகழ்வு ஓட்டங்களைக் கையாளும் நூலகமான ஆர்எக்ஸ்ஜேஎஸ் (RxJS). இது தள்ளும் முறை: இங்கே வேகத்தைத் தீர்மானிப்பது அனுப்புபவர். நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் வந்துகொண்டே இருக்கும். தேங்கிய கோப்பை வாசிக்க இது எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஒரு கோரிக்கையைக் கிளப்பும் மெர்ஜ்மேப்பில் எல்லை வைக்காவிட்டால் எல்லாக் கோரிக்கைகளும் ஒரே நேரத்தில் கிளம்பும், முடிவுகளின் வரிசையும் மாறலாம். வரிசை வேண்டுமென்றால் கன்கேட்மேப், ஆனால் அது மறுபடியும் ஒவ்வொன்றாகத்தான்.

ஆனால் களத்து எச்சரிக்கை வேறு கதை. ஈரப்பதம் ஏறினால் தார்ப்பாய் போட்டு மூட ஆளை அனுப்ப வேண்டும். ஒரு சென்சார் ஒரு நொடி துள்ளியதற்கெல்லாம் யாரையும் ஓடவிடக் கூடாது. நேரத்தை வைத்து வடிகட்டும் டிபௌன்ஸ்டைம், பழைய வேலையைக் கைவிட்டுப் புதியதைப் பிடிக்கும் ஸ்விட்ச்மேப் போன்றவை இங்கே ஒரு வரியில் முடியும். ஜெனரேட்டரில் அதே வேலைக்கு டைமரும், முதலில் முடிவதைப் பிடிக்கும் பிராமிஸ்.ரேஸும் சேர்ந்து படுத்தி எடுக்கும்.

என் தேர்வு: சேர்ந்து வந்த கோப்புக்கு ஜெனரேட்டர், சர்வரைக் கேட்கும் கட்டத்தில் மட்டும் நோட் மேப், நேரடி எச்சரிக்கைக்கு ஆர்எக்ஸ்ஜேஎஸ். நூலகம் ஒன்று கூடுகிறதே என்று முணுமுணுப்பவர்களுக்கு நாலாவது பதில்: நிகழ்வுகளை ஒவ்வொன்றாக வாசிக்கத் தரும் நோடின் ஈவென்ட்ஸ்.ஆன் வழியாக நேரடி அளவீடுகளையும் ஃபார் அவெயிட்டுக்குள் கொண்டுவரலாம். ஆனால் சென்சார் அதற்காகக் காத்திருக்காது. சுற்றின் உள்ளே வேலை மெதுவானால், வந்ததெல்லாம் நினைவகத்தில் குவியும். தார்ப்பாய் போடச் சொல்லும் செய்தி அந்தக் குவியலின் கடைசியில் நிற்கும்.