அழித்தது யார்? ஃபேட்ரேஸும் ஓடிட்டும் வைத்துக் கண்டுபிடித்த கதை

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஒரு கலியாண ஸ்ரூடியோவின் சேர்வர் என் பொறுப்பில் இருக்கிறது. சேர்வர் என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். பழைய கணினி ஒன்றில் உபுண்டு என்ற லினக்ஸ், அதன் மேல் விண்டோஸ் கணினிகளோடு கோப்புப் பகிர உதவும் சம்பா. நாலு டிசைனர்மார் தங்கள் விண்டோஸ் கணினிகளில் இருந்து அதில்தான் வேலை செய்கிறார்கள். 2021இல் ஒரு காலை, முதல் நாள் பின்னேரம் கொப்பி பண்ணிய கலியாணப் படங்களைக் காணவில்லை. அடுத்த கிழமையும் அப்படியே.

கடைசியாக வேலைக்குச் சேர்ந்த பெடியன் மேல்தான் எல்லாருக்கும் சந்தேகம். "அண்ணை, நான் அந்த போல்டர்ப் பக்கமே போகேல்லை" என்றான்.

முதலில், போல்டரில் நடக்கும் மாற்றங்களைக் காட்டும் ஐநோட்டிஃபைவெயிட் கட்டளையைப் போட்டேன். இரவு 2 மணிக்கு டிலீட், டிலீட் என்று வரிவரியாக விழுந்திருந்தது. கோப்பின் பெயர் இருந்தது, நேரம் இருந்தது, அழித்தவர் மட்டும் இல்லை. அந்தக் கட்டளைக்கு அடியில் உள்ள லினக்ஸ் வசதியான ஐநோட்டிஃபை தரும் தகவலில் ப்ராசஸின், அதாவது ஓடுகிற நிரலின், எண்ணுக்கு இடமே கிடையாது. 2005இல் வந்த நாளில் இருந்து அதன் குணம் அதுதான். எந்த ஆப்ஷன் கொடுத்தும் பயனில்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு இரவு போனது.

அப்புறம் ஃபேட்ரேஸ். எந்த ப்ராசஸ் எந்தக் கோப்பைத் தொடுகிறது என்று காட்டும் கருவி. இது ஃபேநோட்டிஃபை என்ற இன்னொரு லினக்ஸ் வசதியின் மேல் ஓடுவது, ப்ராசஸின் பெயரும் எண்ணும் சேர்ந்து வரும். ஆனால் ஃபேநோட்டிஃபைக்கு அழிப்பும் பெயர்மாற்றமும் தெரிய வந்ததே லினக்ஸின் மையமான கேர்னலின் 5.1 பதிப்பில், 2019இல்தான். நான் வைத்திருந்த பழைய ஃபேட்ரேஸ் அழிப்பைக் காட்டவில்லை. ஒரு நொடியில் ஓடி முடிகிற ப்ராசஸ் என்றால் பெயர் தேடும் முன்பே அது போய்விடும். "அன்னோன்" என்று ஒரு எண் மட்டும் மிஞ்சும். ஆனாலும் டிஸ்க் ஏன் ஓயாமல் சத்தம் போடுகிறது என்று பார்க்க இன்றைக்கும் இதைத்தான் முதலில் திறக்கிறேன்.

ஆளைப் பிடித்துத் தந்தது லினக்ஸ் ஓடிட், கேர்னல் அளவிலேயே பதிவு வைக்கும் கண்காணிப்பு வசதி. அந்த போல்டருக்கு எழுதுதல், பண்புமாற்றம் இரண்டுக்கும் ஒரு ரூல், ஒரு அடையாளச் சொல். காலையில், ஓடிட் பதிவுகளில் தேடும் ஏயூசேர்ச்சில் அந்தச் சொல்லைத் தேடினேன். நிரல் கேர்னலிடம் வேலை கேட்பதுதான் சிஸ்டம் கோல். ஓடிட் அது நடக்கும் கணத்திலேயே பதிவதால் ப்ராசஸ் செத்துப் போனாலும் பெயர் நிற்கும். கோப்புகளைத் தேடி அழிக்கவும் கூடிய ஃபைண்ட் கட்டளை, அதைக் கூப்பிட்டது குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரோன், யாருடைய கணக்கு என்று காட்டும் ஏயூஐடி என்ற இடத்தில் என் பெயர்!

ஏழு நாள் பழைய தற்காலிகக் கோப்புகளை அழிக்க எப்போதோ நானே எழுதிப் போட்ட வரி அது. கெமரா கார்ட்டில் இருந்து கொப்பி பண்ணும்போது விண்டோஸ் படத்தின் திருத்திய திகதியை மாற்றாது. பத்து நாளுக்கு முந்திய கலியாணப் படம் நேற்று வந்திருந்தாலும் ஃபைண்டுக்கு அது பத்து நாள் பழசு. பெடியனுக்கு நெல்லியடியில் இருந்து வரவழைத்த மோதகம் வாங்கிக் கொடுத்தும் வெட்கம் போகவில்லை.

2022 மின்வெட்டுக் காலத்தில் இன்னொரு பாடம். ஓடிட்சிடிஎல் கட்டளையில் நேரே அடிக்கும் ரூல் நினைவகத்தில் மட்டும்தான். யூபிஎஸ் விட்டுவிட்டால் ரூலும் போச்சு. ரூல்ஸ்.டி போல்டரில் எழுதி வைத்தால்தான் திரும்ப வரும். முழு டிஸ்க்கையும் கண்காணிக்கவும் ஆசைப்பட வேண்டாம். வழக்கமான அமைப்பில் 8 எம்பி அளவில் ஐந்து லொக் (பதிவுக் கோப்பு) மட்டும்தான் நிற்கும், பழையது தானாக அழிந்துபோகும்.

டிசைனர் ஒருவர் அழித்தால் ஓடிட்டில் சம்பாவின் ப்ராசஸான எஸ்எம்பிடி என்றுதான் வரும். எந்தக் கணினி என்று அறிய சம்பாவின் ஃபுல் ஓடிட் மொடியூல் வேண்டும். பயனர் பெயரும் ஐபியும் அதில் கிடைக்கும். விண்டோஸ் பக்கம், எந்த ப்ராசஸ் எந்தக் கோப்பைத் தொடுகிறது என்று காட்டும் ப்ராசஸ் மொனிட்டர் போதும். த்ரெட் (ப்ராசஸுக்குள் ஓடும் கிளை) எண் காட்டும் கொலம் முதலில் மறைந்திருக்கும், நாமேதான் சேர்க்க வேண்டும். நிகழ்வை இரட்டைக் கிளிக் செய்து ஸ்டாக்கை, அதாவது எது எதைக் கூப்பிட்டது என்ற வரிசையைப் பார்த்தால் எந்த டிஎல்எல் (நிரலின் துணைக்கோப்பு) என்பதும் தெரியும். வடிகட்டலில் கழிந்த நிகழ்வுகளை வைத்திராமல் விடும் ட்ரொப் ஃபில்டர்டு ஈவண்ட்ஸைப் போடாமல் மணிக்கணக்கில் ஓடவிட்டால் மெமரி நிரம்பிவிடும். லினக்ஸில் த்ரெட் வரை வேண்டுமென்றால் ஃபேநோட்டிஃபைக்கு கேர்னல் 4.20இல் இருந்து அதற்கென ஒரு ஃபிளாக் உண்டு. எனக்கு அது இன்னும் தேவைப்படவில்லை.

இப்போது ஓடிட் ரூல் இரண்டே இரண்டு போல்டருக்கு நிரந்தரமாக ஓடுகிறது. க்ரோனில் இருந்த அந்த வரியை நான் அழிக்கவில்லை. முன்னால், அந்த வரி ஓடாமல் தடுக்கும் ஒரு கமெண்ட் குறி போட்டு அப்படியே விட்டிருக்கிறேன்.