நாலு வருஷமா செட்ரிசின்: தும்மல் நின்னுச்சு, மாத்திரையை நிறுத்துனா அரிப்பு வருது

நேத்து கம்பெனில தம்பி ஒருத்தர் கேட்டாருங்க, "அண்ணா, நீங்க தினமும் நைட்டு போடுற அந்த அலர்ஜி மாத்திரைய எங்கம்மாவுக்கு வாங்கிக் குடுக்கட்டுமா, காலைல எந்திரிச்சா தும்மிக்கிட்டே கெடக்குறாங்க"ன்னு. நின்ன வாக்குல பதில் சொல்ல முடியல, அதான் இங்க எழுதுறேன்.

எனக்கு திருப்பூர்ல கட்டிங் வேலை. துணி ரோலைப் பிரிச்சாலே பஞ்சுத் தூசி பறக்கும், அடுக்குத் தும்மல் பத்து பதினஞ்சு போடும், மூக்குல தண்ணி ஊத்தும். டாக்டர் செட்ரிசின் 10 மில்லிகிராம் எழுதினாரு, ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணு, நைட்டு போடுங்கன்னாரு. போட்டு ஒரு மணி நேரத்துல மூக்கு அடங்கிரும், மறுநாள் சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அலர்ஜி குணமாகாது, போடுற வரைக்கும் அமுக்கி வெக்கும், அவ்வளவுதான், ஆனா மனுசன் நிம்மதியா வேலை செய்ய முடிஞ்சுது, அந்த நன்றி எனக்கு எப்பவும் இருக்கு.

இதைப் போட்டா தூக்கக் கலக்கம் வராதுன்னு சொல்றதை மட்டும் அப்படியே நம்பாதீங்க. பழைய அலர்ஜி மாத்திரைங்க அளவுக்கு அசத்தாதுங்கறது நிசம், சில பேருக்கு ஆனாலும் கண்ணைச் சொருகும். ஒரு தடவை சளிக்குன்னு மெடிக்கல்ல கேட்டு ஒரு மாத்திரை வாங்கி, அதையும் போட்டு வழக்கமான செட்ரிசினையும் போட்டுட்டேன், மறுநாள் காலைல அவிநாசி ரோட்டுல பைக்குல போறப்ப தலை கிறுகிறுங்குது, ஓரமா நிறுத்திட்டு உக்காந்துட்டேன். அட்டைக்குப் பின்னாடி படிச்சா பாராசிட்டமாலோட செட்ரிசினும் அதுலயே இருக்கு! பேரு வேற, உள்ள மருந்து அதே. இப்பல்லாம் எந்த சளி மாத்திரையா இருந்தாலும் அட்டையத் திருப்பி படிக்காம வாய்ல போடுறதில்ல. தும்மல் நிக்கலைன்னு ரெண்டாவது மாத்திரை போடுற பழக்கமும் வேண்டாம், போட்ட அன்னைக்கு சரக்கும் கூடவே கூடாது.

எனக்கு ஆத்தாமை என்னன்னா நிறுத்துறப்ப நடந்ததுதான். போன பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிட்டோம், தூசி இல்லையே மாத்திரை எதுக்குன்னு விட்டுட்டேன். ரெண்டாம் நாள் உள்ளங்கைல ஆரம்பிச்சு தலை, முதுகு, கால்னு அரிப்பு, தடிப்பு ஒண்ணும் இல்ல, ஆனா நைட்டெல்லாம் சொறிஞ்சு தோலு உரிஞ்சு போச்சு. எனக்கு தும்மல்தான் அலர்ஜி, அரிப்பு வந்ததே இல்ல. வீட்ல கத்தரிக்காய் ஆகலைன்னாங்க, கருவாடு ஆகலைன்னாங்க, எல்லாத்தையும் நிறுத்திப் பாத்தோம். கடைசில மறுபடியும் மாத்திரை போட்ட அன்னைக்குத்தான் தூங்கினேன்.

டாக்டர்கிட்ட சொன்னப்பதான் வெளங்குச்சு. மாசக்கணக்குல வருசக்கணக்குல தினமும் செட்ரிசினோ அதே குடும்பத்து லீவோசெட்ரிசினோ போட்டவங்க சில பேருக்கு, நிறுத்துன சில நாள்ல இப்படி கடுமையா அரிக்குமாம். அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2025 மே மாசம் எச்சரிக்கையே குடுத்துருக்கு, 2017-ல இருந்து 2023 வரைக்கும் உலகம் பூரா 209 கேஸ் அவங்களுக்கு வந்துருக்கு. கோடிக்கணக்கான பேர் போடுற மாத்திரைக்கு அது ரொம்பக் கம்மிதான், ஒத்துக்குறேன். ஆனா தினமும் போடச் சொல்லும்போதே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமேங்க! மூணு நாள் கெடந்து துடிச்சவனுக்குத்தான் அந்தக் கோவம் தெரியும். இப்ப அவர் சொன்ன கணக்குப்படி கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சுட்டு வர்றேன், கட்டிங் டேபிள்ல மாஸ்க்கைக் கழட்டுறதே இல்ல.

நல்ல மாத்திரையான்னு கேட்டா நல்ல மாத்திரை. ஆனா தம்பி, உங்கம்மாவுக்கு என் அட்டைல இருந்து ஒண்ணு கூட குடுக்க மாட்டேன். அம்மாவுக்கு சுகர் இருக்கு, கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு ரத்தத்துல பாக்குற கிரியாட்டினின் ஜாஸ்தின்னு போன மாசம் நீங்கதான் சொன்னீங்க. இந்த மருந்து பெரும்பாலும் கிட்னி வழியாத்தான் வெளிய போகுது, கிட்னி பலம் கொறைஞ்சவங்களுக்கு உடம்புலயே தேங்கும், டாக்டர் பாத்து டோஸைப் பாதியாக் கொறைப்பாரு, ரொம்ப மோசம்னா குடுக்கவே மாட்டாரு. வயசானவங்க தூக்கக் கலக்கத்துல நைட்டு பாத்ரூம் போறப்ப விழுந்தா இடுப்பெலும்பு போயிரும். ஒருவேளை மூச்சு திணறி, நாக்கு தொண்டை வீங்குச்சுன்னா இந்த மாத்திரைய நம்பி உக்காராதீங்க, அதுக்கு அட்ரினலின் ஊசி வேணும், உடனே 108-க்கு போன் பண்ணுங்க.

நாளைக்கு காலைல அரை நாள் லீவு போடுங்க, சூப்பர்வைசர்கிட்ட நான் பேசிக்கிறேன். அந்த கிரியாட்டினின் ரிப்போர்ட்டையும் அம்மா போடுற எல்லா மாத்திரை அட்டையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போயி டாக்டர்கிட்ட காட்டுங்க.