‘ஸ்பென்ட்’: ஆயிரம் டாலரில் ஒரு மாதம்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள டர்ஹாம் நகரில், வீடற்றோருக்கு உணவும் தங்குமிடமும் அளித்துவரும் ‘அர்பன் மினிஸ்ட்ரீஸ் ஆஃப் டர்ஹாம்’ என்ற தொண்டு நிறுவனத்துக்காக, அதே ஊரின் மெக்கின்னி விளம்பர நிறுவனம் 2011இல் உருவாக்கிய இணைய விளையாட்டு ‘ஸ்பென்ட்’. கட்டணம் கிடையாது, எதையும் தரவிறக்க வேண்டியதில்லை, கால் மணி நேரத்தில் ஓர் ஆட்டம் முடிந்துவிடும். டர்ஹாமுக்கு அருகில் வார இறுதித் தமிழ் வகுப்பு எடுக்கும் நான், ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளை இதை விளையாடச் சொல்லி, பிறகு தமிழில் விவாதிக்கச் செய்தேன். அந்த அனுபவத்தை வைத்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

ஆட்டம் தொடங்கும்போது நீங்கள் வேலையையும் வீட்டையும் இழந்துவிட்ட, துணையின்றிக் குழந்தை வளர்க்கும் ஒருவர். கையிருப்பு ஆயிரம் டாலர். அதைக் கொண்டு ஒரு மாதத்தைக் கடக்க வேண்டும். உணவகத்தில் பரிமாறுவது, கிடங்கில் சரக்கு தூக்குவது, அலுவலகத்தில் தற்காலிகப் பணி செய்வது என்ற மூன்றில் ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்கலாம். அலுவலகப் பணி வேண்டுமென்றால் தட்டச்சுத் தேர்வில் தேற வேண்டும். என் மாணவர்கள் அனைவரும் அதைத்தான் முதலில் முயன்றார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அடுத்து வரும் வீட்டு வாடகைக் கட்டம்தான் இந்த விளையாட்டிலேயே மிகச் சிறப்பாக அமைந்த பகுதி. நகரத்திலிருந்து விலக விலக வாடகை குறைகிறது, ஆனால் பெட்ரோல் செலவு ஏறுகிறது. ஒரு கோட்டில் குறியை முன்னும் பின்னும் நகர்த்தி, இழப்பில்லாத இடம் ஒன்று எங்காவது இருக்கும் என்று பிள்ளைகள் தேடிக்கொண்டே இருந்தார்கள். ஏழைக்கு மலிவான வீடே செலவு வைக்கும் என்பதை நான் அரை மணி நேரம் விளக்கியிருந்தாலும் இந்த அளவுக்குப் புரிய வைத்திருக்க முடியாது.

அதன் பிறகு நாளுக்கொரு சிக்கல் வருகிறது: பல் வலிக்கிறது, வளர்ப்புப் பிராணி நோயில் கிடக்கிறது, பள்ளியில் இலவச மதிய உணவு வாங்கக் குழந்தை கூச்சப்படுகிறது. ஒவ்வொரு முடிவுக்குப் பின்னும் அது தொடர்பான ஒரு தகவல் திரையில் தோன்றும். பிராணி பற்றிய கேள்வி வந்ததும் ஒரு மாணவி மடிக்கணினியை மூடிவிட்டாள். ஆகவே இதைவிடக் கீழ் வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மாதம் முடிந்து, மிஞ்சிய தொகையைப் பார்த்து மகிழும் நேரத்தில், நாளை வாடகை கட்ட வேண்டும் என்று விளையாட்டு நினைவூட்டுகிறது. அதைப் படித்ததும் வகுப்பில் எழுந்த பெருமூச்சு உண்மையானது.

குறை எங்கே என்றால், வகுப்பிலேயே அதிகப் பணத்தை மிச்சம் பிடித்த மாணவன் என்னிடம் வந்து, “ஒழுங்கா பிளான் பண்ணினா போதும் அங்கிள், இது அவ்வளவு கஷ்டமில்ல” என்றான். அவன் செய்தது இவ்வளவுதான்: பல்லைக் கவனிக்கவில்லை, பிராணியைக் கவனிக்கவில்லை, குழந்தை கேட்ட எதையும் வாங்கித் தரவில்லை. இந்த மறுப்புகளுக்கான விலை பெரும்பாலும் முப்பது நாட்களுக்குள் வந்து சேர்வதில்லை என்பதால், விளையாட்டு அவனுக்குப் பரிசளித்துவிட்டது. இது என் வகுப்பில் மட்டும் நேர்ந்ததன்று. இதே விளையாட்டைச் சோதித்து யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், விளையாடியவர்களிடம் ஏழைகள் மீதான பரிவு கூடவில்லை. பிறர் விளையாடுவதைப் பார்த்தவர்களிடமே நல்ல மாற்றம் தெரிந்தது. முடிவெடுக்கும் பொத்தான் தன் கையில் இருக்கும்போது, வறுமையும் தன் கட்டுப்பாட்டில் இருப்பதாகவே மனம் எண்ணிக்கொள்கிறது.

ஆகவே மறு வாரம் முறையை மாற்றினேன். ஒருவர் மட்டும் பெரிய திரையில் விளையாட, மற்றவர்கள் பார்த்தபடி, திரையில் இல்லாத மூன்றாவது வழி ஒன்று இந்தக் குடும்பத்துக்குக் கிடைத்திருக்க என்ன தேவைப்பட்டிருக்கும் என்று எழுதினார்கள். விவாதம் அப்போதுதான் உயிர் பெற்றது.

ஆசிரியர் தாமே சேர்க்க வேண்டியவையும் உண்டு. தொடக்கத்தில் காட்டப்படும் வேலையற்றோர் எண்ணிக்கை 2011ஆம் ஆண்டின் நிலவரம். கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலியோ 2009இல் இருந்த மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. வட கரோலினாவிலும் அதே தொகைதான். 2024 ஜனவரியில் ஒரே இரவில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 7,71,480 பேர் வீடற்றவர்களாக இருந்தார்கள் என்பதை நான் பலகையில் எழுதி வைத்தேன். வீட்டை இழந்த பின் என்ன நேர்கிறது என்பதை இந்த விளையாட்டு காட்டுவதில்லை. அதற்காக, வீடற்ற மாணவர்களின் கல்வியைக் காக்கும் மெக்கின்னி–வென்டோ சட்டத்தைப் பற்றிப் பேசினோம் (இந்த மெக்கின்னி அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர், விளம்பர நிறுவனத்தோடு தொடர்பில்லாதவர்). வீட்டை இழந்தோ பணமுடையாலோ பிறர் வீட்டில் ஒண்டியிருக்கும் பிள்ளையையும் அச்சட்டம் வீடற்றவராகவே கொள்கிறது என்றதும், “சித்தப்பா வீட்ல தங்கினாலுமா?” என்று ஒரு மாணவி கேட்டாள். உறவினர் வீட்டில் மாதக்கணக்கில் தங்குவதை நாம் இயல்பாகக் கருதுபவர்கள் என்பதால், அந்தக் கேள்வியிலேயே வகுப்பு முடிந்துபோனது.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘பிகமிங் ஹோம்லெஸ்’ என்ற மெய்நிகர் காட்சி அனுபவம் இதைவிட ஆழமாகத் தைக்கக்கூடியது. வேலை இழந்தவர் வீட்டை இழந்து, காரில் உறங்கி, இறுதியில் இரவுப் பேருந்தில் தன் பையைக் காத்துக்கொண்டு அமர்ந்திருப்பது வரை செல்கிறது. 2018இல் வெளியான அவர்களது ஆய்வில், அதை அனுபவித்தவர்களில் 82 விழுக்காட்டினர் குறைந்த வாடகை வீடுகளுக்கான மனுவில் கையெழுத்திட்டார்கள். கதையாகப் படித்தவர்களில் 67 விழுக்காட்டினரே கையெழுத்திட்டார்கள். ஆனால் அதற்குத் தலையில் அணியும் கருவி வேண்டும், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும். எங்களைப் போன்ற வகுப்புக்கு ‘ஸ்பென்ட்’ போதும்; ஆட்டத்துக்குக் கால் மணி நேரமும், பேச்சுக்கு அதைப் போல் மூன்று மடங்கும் ஒதுக்குங்கள். கடைசியில் தொண்டு நிறுவனத்துக்கு நன்கொடை அளிக்கும் வழியும் காட்டப்படும் என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.