இரண்டு டிஸ்க்கையும் சேர்ப்பதா, தனித்தனி வால்யூமா? வீட்டு நாஸுக்கு எது சரிவரும்

வீட்டிலுள்ள கருவிகள் எல்லாம் நெட்வொர்க் வழியாகப் பகிர்ந்துகொள்ளும் டிஸ்க் பெட்டிதான் நாஸ். புது நாஸ் பெட்டியில் இரண்டு ஹார்டு டிஸ்க்கைச் செருகி ஸ்டோரேஜ் மேனேஜரைத் திறந்ததும் முதலில் கேட்கப்படுவது ரெய்டு வகைதான், அதாவது டிஸ்க்குகளை எந்த முறையில் சேர்ப்பது என்பது. பலர் அங்கே ஏற்கெனவே தேர்வாகி இருப்பதையே வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. இங்கே எடுக்கும் சில முடிவுகளைப் பிறகு மாற்றவேண்டுமென்றால், எல்லாவற்றையும் வேறெங்காவது காப்பி எடுத்துவிட்டு, டிஸ்க்குகளை அழித்துத்தான் தொடங்க வேண்டியிருக்கும்.

வீடுகளில் அதிகம் பார்க்கக்கூடிய, இரண்டு டிஸ்க் போடும் சைனாலஜி நிறுவனப் பெட்டியை வைத்தே பேசுகிறேன். அதில் டிஸ்க்குகள் சேர்ந்து ஒரு ஸ்டோரேஜ் பூல் ஆகும். பூலுக்குள் அதன் இடத்தைப் பிரித்துத் தரும் வால்யூம், வால்யூமுக்குள் ஷேர்டு ஃபோல்டர். நாம் கம்ப்யூட்டரில் பார்ப்பது கடைசியாக வரும் ஷேர்டு ஃபோல்டரைத்தான்.

தலா 4 டி.பி. கொண்ட இரண்டு டிஸ்க் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், நமக்கு மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, இரண்டையும் எஸ்.ஹெச்.ஆர். (சைனாலஜியின் சொந்த ரெய்டு முறை) அல்லது ரெய்டு 1 முறையில் சேர்த்து ஒரே வால்யூம் போடுவது. ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். கையில் கிடைப்பது 4 டி.பி.தான், திரையில் அது 3.6-க்குப் பக்கத்தில் காட்டும். இரண்டாவது, அதே பூலை இரண்டு மூன்று வால்யூமாகப் பிரிப்பது. மூன்றாவது, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனியாக 'பேசிக்' பூல், அதன்மேல் தனி வால்யூம். இதில் முழு 8 டி.பி.யும் கிடைக்கும்.

இரண்டாவது வழியை முதலில் முடித்துவிடலாம். ஒரே பூலுக்குள் பல வால்யூம் போடுவது, ஒரே அஸ்திவாரத்தின்மேல் நிற்கும் வீட்டுக்குள் தடுப்புச் சுவர் எழுப்புவது மாதிரி. பூல் போனால் எல்லா வால்யூமும் சேர்ந்தே போகும். அடியில் இருப்பது அதே டிஸ்க்குகள் என்பதால் வேகத்திலும் பிரிவு கிடையாது. ஒரு வால்யூமில் பெரிய காப்பி ஓடினால் மற்றதும் மந்தமாகும். இடத்தைக் கட்டுப்படுத்துவதுதான் நோக்கம் என்றால், பட்டர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் போட்ட வால்யூமில் ஷேர்டு ஃபோல்டருக்கே கோட்டா, அதாவது இட வரம்பு, வைத்துவிடலாம். சினிமா ஃபோல்டருக்கு 1 டி.பி. என்று வைத்து, போதவில்லையென்றால் அடுத்த வாரம் அதையே 1.5 ஆக்கலாம். வால்யூமில் இந்த வசதி இல்லை. சைனாலஜியின் இயங்குதளமான டிஎஸ்எம்மில் வால்யூமைப் பெரிதாக்க முடியும், சுருக்க முடியாது. அதனால் இந்த வழியில்தான் போவேன் என்பவர்கள், அளவு கேட்கும் கட்டத்தில் அதிகபட்சத்தைக் கொடுத்துவிடாமல், பூலில் கொஞ்சம் இடத்தை ஒதுக்காமல் விட்டுவையுங்கள்.

உண்மையான போட்டி முதல் வழிக்கும் மூன்றாவது வழிக்கும்தான்.

சேர்த்து வைப்பதன் பலம், ஒரு டிஸ்க் செத்தாலும் வீட்டில் யாருக்கும் தெரியாமல் வேலை நடப்பது. பெட்டி பீப் என்று கத்தும். புது டிஸ்க்கைப் போட்டு ரிப்பேர் கொடுத்தால் தானாகச் சரியாகிவிடும். அதற்கு நேரம் பிடிக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். 8 டி.பி. டிஸ்க்கை நொடிக்கு 180 எம்.பி. வேகத்தில் எழுதினால்கூட 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை மிஞ்சியிருக்கும் ஒரே டிஸ்க்தான் எல்லாவற்றையும் தாங்கி நிற்கிறது.

இன்னொரு பலம் அதிகம் பேசப்படுவதில்லை. பட்டர்எஃப்எஸ்ஸில் ஷேர்டு ஃபோல்டர் உருவாக்கும்போது டேட்டா செக்சம் (டேட்டா மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் எண்) என்று ஒரு டிக் இருக்கும். அதைப் போட்டிருந்தால், பல வருடம் தொடாமல் கிடந்த ஒரு போட்டோ டிஸ்க்கில் கெட்டுப்போனாலும் ஸ்க்ரப்பிங் (டேட்டாவை முழுக்கப் படித்துச் சரிபார்க்கும் வேலை) ஓடும்போது மாட்டிக்கொள்ளும். மற்ற டிஸ்க்கில் இருக்கும் நல்ல பிரதியை வைத்துச் சரியும் செய்துவிடும். பேசிக் வால்யூமில் கெட்டுவிட்டது என்று சொல்லத்தான் முடியும், சரிசெய்ய அங்கே இன்னொரு பிரதி இல்லை. இந்த டிக்கை ஃபோல்டர் உருவாக்கிய பிறகு போட முடியாது என்பதால் ஆரம்பத்திலேயே கவனியுங்கள்.

ஆனால் சேர்த்து வைப்பது எதையெல்லாம் காப்பாற்றாது என்பதுதான் முக்கியம். குழந்தை பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோ ஃபோல்டரை யாரோ தவறுதலாக டெலிட் செய்தால், அதே நொடியில் இரண்டு டிஸ்க்கிலும் டெலிட் ஆகும். வீட்டு லேப்டாப்பில் ரான்சம்வேர் புகுந்து, நெட்வொர்க்கில் தெரியும் ஃபைல்களையெல்லாம் பூட்டினாலும் அப்படித்தான். ஸ்னாப்ஷாட், அதாவது அந்தந்த நேரத்து நிலையின் பதிவு, போட்டு வைத்திருந்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம், போடாதவர்களுக்கு வழியில்லை.

தனித்தனி வால்யூமில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. முதல் டிஸ்க்கில் அன்றாடப் புழக்கம். சைனாலஜியின் பேக்கப் ஆப்பான ஹைப்பர் பேக்கப் தினமும் இரவில் முக்கியமான ஃபோல்டர்களை இரண்டாவது வால்யூமுக்குப் பதிப்புப் பதிப்பாக எடுத்து வைக்கும். போன மாதம் அழிந்த ஃபைலைக்கூட மீட்கலாம். இரண்டாவது வால்யூமில் உள்ள பேக்கப் ஃபோல்டருக்கு வீட்டிலுள்ளவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் கணக்கு எதற்கும் அனுமதி தராதீர்கள். அப்போதுதான் லேப்டாப்பில் இருக்கும் வைரஸ் அதைத் தொட முடியாது. பதிலுக்கு இழப்பது என்ன? முதல் டிஸ்க் திடீரென்று செத்தால், நேற்று இரவுக்குப் பிறகு சேர்த்தது போய்விடும். புது டிஸ்க் போட்டு, பூல், வால்யூம், ஃபோல்டர் எல்லாம் திரும்ப உருவாக்கி ரீஸ்டோர் செய்ய வேண்டும். அதில் இருந்த ஆப்களையும் மறுபடி நிறுவ வேண்டியிருக்கும். ஆபீஸ் என்றால் இது பெரிய நஷ்டம். வீட்டில் இரண்டு நாள் படம் பார்க்க முடியாமல் போகும், அவ்வளவுதான்.

அதனால் என் கட்சி இது: மொத்தம் இரண்டே டிஸ்க், மூன்றாவது வாங்க இப்போது காசில்லை என்றால், தனித்தனி வால்யூம்தான். இன்னும் சொன்னால், அந்த இரண்டாவது டிஸ்க்கைப் பெட்டிக்குள் வைக்காமல் யு.எஸ்.பி. உறையில் போட்டு, பேக்கப் எடுத்ததும் கழற்றி வேறு அறையில் வைப்பது அதைவிட நல்லது. இடியோ திருடனோ தண்ணீரோ வந்தால் ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு டிஸ்க்கும் ஒன்றாகத்தான் போகும். பிறகு காசு சேர்ந்ததும் புது டிஸ்க் ஒன்றைச் செருகி, உள்ளே இருக்கும் பேசிக் பூலை டேட்டா அழியாமலே ரெய்டு 1 ஆக மாற்றிக்கொள்ளலாம். மூன்றாவது டிஸ்க் வெளியே பேக்கப்பாக இருக்கிறது என்றால் எனக்குத் தயக்கமே இல்லை: உள்ளே இரண்டையும் சேர்த்து, ஒரே வால்யூம், ஸ்னாப்ஷாட்டோடு.

8 டி.பி. கிடைக்கிறதே என்று தனித்தனி வால்யூம் போட்டு, இரண்டையும் சினிமாவாலும் போட்டோவாலும் நிரப்பி, பேக்கப் இல்லாமல் விடுவதுதான் மோசமான தேர்வு. டேட்டாவை இரண்டு டிஸ்க்கிலும் துண்டு துண்டாகப் பிரித்து எழுதும் ரெய்டு 0 அதைவிட மோசம்; ஒரு டிஸ்க் போனால் இரண்டிலும் உள்ளது போகும். வேகமும் வீட்டில் தெரியாது. சாதாரண கிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு 110 எம்.பி. சுமார்தான் போகும், இன்றைய டிஸ்க் ஒன்றே அதைக் கொடுத்துவிடும்.

கேமரா இருக்கும் வீட்டுக்கு மட்டும் கணக்கு வேறு. நொடிக்கு 4 மெகாபிட்டில் ஓடும் ஒரு கேமரா ஒரு நாளைக்கு சுமார் 43 ஜி.பி. எழுதும். நான்கு கேமரா என்றால் 170-ஐத் தாண்டும்; 4 டி.பி. டிஸ்க் மூன்று வாரத்தில் நிரம்பி, பழையது அழிந்து, மறுபடி எழுதப்படும். ராத்திரி பகலாக இப்படி எழுதிக்கொண்டே இருக்கும் வேலையைக் குடும்ப போட்டோ இருக்கும் டிஸ்க்கில் ஏற்றுவது சரியில்லை. நான்கு டிஸ்க் பெட்டியில் மூன்றைச் சேர்த்து ஒரு பூல், நான்காவதைக் கேமராவுக்கென்றே தனி பேசிக் பூல் என்று பிரித்தால், கேமரா டிஸ்க் செத்தால் மூன்று வார ரெக்கார்டிங் மட்டும் போகும். தனி வால்யூமுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வீட்டில் இல்லை.

கியூநாப் நிறுவன நாஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் க்யூடிஎஸ் என்ற இயங்குதளம் ஓடினால் வால்யூம் உருவாக்கும்போது ஸ்டாடிக், திக், தின் என்று மூன்று வகை காட்டும். ஸ்டாடிக்கில் ஸ்னாப்ஷாட் எடுக்க முடியாது. திக் கேட்ட இடத்தை முதலிலேயே பிடித்துக்கொள்ளும். தின் எழுத எழுத எடுத்துக்கொள்ளும். வீட்டுக்குத் திக் போதும். ஸ்னாப்ஷாட்டுக்குப் பூலில் இடம் வேண்டும், எனவே அங்கேயும் முழுவதையும் வால்யூமுக்கே கொடுத்துவிடாதீர்கள்.