அறிவிப்பை எழுதுபவரும் அதில் கையெழுத்திடுபவரும்: நகராட்சி அமலாக்கப் பணியில் மேலே வர மூன்று வழிகள்

அனுமதியில்லாமல் எழும்பும் மூன்றாவது மாடிக்கு அறிவிப்பு கொடுப்பது, கழிவுநீரைத் தெருவில் திறந்துவிடும் உணவகத்துக்கு அபராதம் விதிப்பது, நடைபாதையை அடைத்து நிற்கும் தகரக் கொட்டகையை அகற்றுவது ஆகிய வேலைகளுக்கென்று தமிழ்நாட்டு நகராட்சிகளில் தனித் துறை எதுவும் கிடையாது. கட்டடம் என்றால் நகரமைப்புப் பிரிவு, குப்பையும் சாக்கடையும் என்றால் பொது சுகாதாரப் பிரிவு, வரிபாக்கி என்றால் வருவாய்ப் பிரிவு என்று அமலாக்கம் அங்கே துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கிறது. இந்தப் பணியில் நிர்வாகப் பொறுப்புக்கு உயர விரும்பும் இளைஞர், தேர்வுக்குப் படிக்கத் தொடங்கும் முன்பே எந்த வாசல் வழியாக நுழைவது என்று தீர்மானித்தாக வேண்டும். நகரமைப்பு ஆய்வாளர், சுகாதார ஆய்வாளர், குரூப் 2 தேர்வின் வழியாக நேரடியாக நகராட்சி ஆணையர் ஆகிய மூன்றையும் இங்கே ஒப்பிடுகிறேன். நான் நகரமைப்புப் பிரிவில் இருந்தவன் என்பதால் அந்தப் பக்கம் சற்றுச் சாய்வு இருக்கக்கூடும். வாசிப்பவர் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

சம்பள நிலையை வைத்து இவற்றை ஒப்பிடுவது வழக்கம். ஆனால் அமலாக்கப் பணியில் அதைவிட முக்கியமான அளவுகோல், மீறலைக் கண்ணால் பார்ப்பவர் யார், அதன்மேல் கையெழுத்திடுபவர் யார், பின்னால் கேள்வி வரும்போது பதில் சொல்பவர் யார் என்பதுதான். இந்த மூன்றும் ஒரே நாற்காலியில் சேர்ந்து அமைவது அரிது. 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், அதற்கான விதிகளோடு 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி செயல் அதிகாரம் ஆணையரிடமே இருக்கிறது. ஆய்வாளர் பார்த்ததும் எழுதியதும் ஆணையரின் கையெழுத்து விழுந்த பிறகுதான் நகராட்சியின் ஆணையாகிறது.

முதலில் நகரமைப்பு. சிவில் பொறியியலோ கட்டடக்கலையோ படித்தவர்களுக்கு இது இயல்பான வழி. வேலையின் தன்மையை ஒரு கோப்பைப் பின்தொடர்ந்தால் எளிதில் புரிந்துகொள்ளலாம். தரைத்தளமும் முதல் தளமும் கட்ட அனுமதி வாங்கியவர் இரண்டாம் தளத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரர் மனுக் கொடுக்கிறார். ஆய்வாளர் அங்கே போய், அனுமதி வரைபடத்தை விரித்துப் பக்கவாட்டுத் திறவிடத்தை, அதாவது கட்டடத்துக்கும் மனை எல்லைக்கும் நடுவே காலியாக விட வேண்டிய இடத்தை, நாடாவால் அளக்கிறார். ஐந்தடி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டே முக்கால் அடிதான் இருக்கிறது. அறிவிப்பை வாங்க உரிமையாளர் மறுக்கிறார். வீட்டில் இருக்கும் பெரியவரோ “தம்பி ஊர்ல இல்லீங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று உள்ளே போய்விடுகிறார். சாட்சிக்கு இருவரை நிறுத்தி, பூச்சு பூசாத செங்கல் சுவரில் பசை தடவி ஒட்டி, தேதி தெரியும்படி படம் எடுத்து, ‘அறிவிப்பு ஒட்டிச் சார்வு செய்யப்பட்டது’ என்று எழுதி, ‘தக்க உத்தரவுக்காகப் பணிந்து வைக்கப்படுகிறது’ என்ற வரியோடு அவர் கோப்பை மேலே அனுப்புகிறார். அந்த வரியோடு அவருடைய அதிகாரம் முடிகிறது. பொறுப்பு மட்டும் முடிவதில்லை.

கோப்பு மேலே போன பிறகு நடப்பவை பெரும்பாலும் ஆய்வாளரின் கையில் இல்லை. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 57-ஆம் பிரிவில் வேலையை நிறுத்தச் சொல்லலாம். 56-ஆம் பிரிவில் அவகாசம் கொடுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்லலாம், பூட்டி சீல் வைக்கலாம். உடனே உரிமையாளர் 80-ஏ பிரிவின்கீழ் அரசிடம் மறுஆய்வு மனுப் போடுவார். அது முடிவாகும் வரை மேல் நடவடிக்கை கூடாது என்று நீதிமன்றத்திலும் ஒரு உத்தரவைப் பெற்றுவிடுவார். நகராட்சிகள் நகராட்சி நிர்வாகத் துறையின்கீழ் இருக்க, திட்டமிடல் சட்டமோ வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறையின்கீழ் இருப்பதால், ஒரு சுவருக்கு இரண்டு தலைமைச் செயலகத் துறைகளின் வாசலில் காத்துக்கிடக்க வேண்டிவரும். இதற்கிடையே அண்டை வீட்டுக்காரர் போட்ட ரிட் மனுவில் ‘நகராட்சி என்ன செய்துகொண்டிருந்தது’ என்று உயர் நீதிமன்றம் கேட்கும்போது, மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் பதில் சொல்லும் பத்திவாரியான குறிப்புரையை இரவோடு இரவாக எழுதித் தருபவர் அதே ஆய்வாளர்தான்.

இப்படிச் சொன்னால் இந்த வழியை நான் வேண்டாமென்று சொல்வதாகத் தோன்றலாம். நான் சொல்லவருவது அதற்கு நேர்மாறானது. குறிப்புரையும், நீதிமன்றத்தில் தாக்கலாகும் எதிருரையும் எழுதிப் பழகிய கை பிற்காலத்தில் ஆணையிடும்போது தவறுவதில்லை, அந்தப் பழக்கத்தைப் பயிற்சி நிலையம் எதுவும் தருவதுமில்லை. 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் இடிப்பு நடவடிக்கைகள் குறித்து வகுத்த நெறிமுறைகளுக்குப் பிறகு இதன் மதிப்பு கூடியிருக்கிறது. பதிவு அஞ்சலில் அறிவிப்பு, கட்டடத்தில் ஒட்டுதல், குறைந்தது 15 நாள் அவகாசம், நேரில் விசாரணை, காரணங்களோடு இறுதி ஆணை, அதன்பின் இன்னொரு 15 நாள், இடிக்கும்போது காணொளிப் பதிவு என்று ஒவ்வொரு படியும் வரையறுக்கப்பட்டுவிட்டது. மீறி இடித்தால் இழப்பைத் தம் சொந்தப் பணத்திலிருந்து ஈடுகட்டும் பொறுப்பு அதிகாரிக்கு வரும். சாலை, நடைபாதை, நீர்நிலை முதலான பொது இடங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளுக்கு இந்த நெறிமுறைகள் பொருந்தா என்பதால், எது பொது இடம், எது பட்டா நிலம் என்று முதல் நாளிலேயே சரியாகப் பிரித்தறிவதுதான் கோப்பின் உயிர். இடத்தை அளந்து பழகிய ஆய்வாளருக்கு இந்தப் பிரிப்பு எளிது. மற்றவர்கள் நில அளவரின் அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டும்.

இந்த வேலை மாறிக்கொண்டும் இருக்கிறது. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு, முன்கூட்டிய கள ஆய்வு இல்லாமல் இணையவழியிலேயே அனுமதி கிடைத்துவிடுகிறது. மக்களுக்கு இது நல்லதுதான். மனு மேசைமேல் தூங்குவது நின்றது. ஆனால் முன்பு அனுமதிக் கட்டத்திலேயே பிடிபட்ட தவறு இப்போது காங்கிரீட் போட்ட பிறகுதான் தெரியவருகிறது என்பதால், ஆய்வாளரின் வேலை அனுமதி தருவதிலிருந்து மீறலைப் பிடிப்பதை நோக்கி நகர்ந்திருக்கிறது. அனுமதித் தாள் மட்டும் காப்பாற்றாது என்பதும் நமக்குப் புதிதல்ல. 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் 61 பேரைப் புதைத்துக்கொண்டு சரிந்த 11 மாடிக் கட்டடம் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் அனுமதி பெற்றுக் கட்டப்பட்டதுதான்.

நகரமைப்பின் குறை வேறிடத்தில் இருக்கிறது. ஆய்வாளர் நகரமைப்பு அலுவலராகி, பிறகு பெரிய மாநகராட்சிகளில் இன்னும் மேலே போகலாம்; ஆனால் அந்த ஏணி கட்டடம் என்ற ஒரே பொருளுக்குள்தான் நிற்கிறது. கணக்கு, வரி, பணியாளர் நிர்வாகம், மன்றக் கூட்டம் ஆகியவற்றைத் தொடாமலே ஒருவர் ஓய்வு பெற்றுவிட முடியும். லஞ்சம் என்ற சொல்லும் இந்தப் பிரிவை நிழல்போலத் தொடர்கிறது. நேர்மையாக இருப்பவரும் அந்தச் சந்தேகத்தைச் சுமந்துகொண்டுதான் தெருவில் நடக்க வேண்டும்.

சுகாதார ஆய்வாளர் வழி இதிலிருந்து முற்றிலும் வேறு. சுகாதார ஆய்வாளருக்கான பட்டயப் படிப்பு முடித்தவர்கள் வரும் பணி இது. காலை ஐந்தரை மணிக்குத் தூய்மைப் பணியாளர்களின் வருகைப் பதிவோடு நாள் தொடங்கும். முப்பது நாற்பது பேரை ஒவ்வொரு நாளும் வேலை வாங்குவது, இரண்டு பேர் வராத தெருவுக்கு வேறிருவரை மாற்றுவது, ஒப்பந்ததாரரின் வண்டி பழுதானால் மாற்று ஏற்பாடு செய்வது என்று ஆட்களை நிர்வகிப்பதை இருபத்தைந்து வயதிலேயே கற்றுக்கொள்கிறார். நகரமைப்பு ஆய்வாளருக்குக் கீழே வேலை செய்யும் ஆட்களே ஏறக்குறைய இல்லை என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அமலாக்கத்திலும் சுகாதார ஆய்வாளருக்கு உடனடி அதிகாரம் கூடுதல். 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களைக் கடையில் புகுந்து பறிமுதல் செய்வதும், கொசுப்புழு வளரும் தொட்டிக்கு அபராதம் போடுவதும் அன்றைக்கே தொடங்கி அன்றைக்கே முடியும் வேலைகள். மீறலைப் பார்த்த கண்ணும் ரசீதை எழுதும் கையும் இங்கே ஒருவருடையவையாகவே இருக்கின்றன.

ஆனால் அபராதத் தொகை சிறியது, வழக்குக்குப் போவது அபூர்வம், ஆகவே சட்டத்தின் நுணுக்கம் கைவருவதில்லை. உணவுக் கலப்படத்தைப் பிடிக்கும் வேலை, உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தபின் தனித் துறைக்குப் போய்விட்டது. அதோடு நகராட்சி சுகாதாரப் பிரிவின் பல்லில் பாதி விழுந்தது. பெரிய தடை உச்சியில் இருக்கிறது. சுகாதார ஆய்வாளர் சுகாதார அலுவலராகலாம்; அதற்கு மேலே இருக்கும் மாநகர நல அலுவலர் நாற்காலி மருத்துவப் பட்டம் பெற்றவருக்கானது. முப்பது ஆண்டு அனுபவம் இருந்தாலும் அந்த வரம்பைத் தாண்ட முடியாது. அமலாக்கத்தைக் கற்க இதைவிடச் சிறந்த பள்ளி இல்லை என்றாலும், நிர்வாகத்தில் உயரம் வேண்டுவோருக்கு இதை என்னால் பரிந்துரைக்க இயலாது.

மூன்றாவது வழியில் எந்தப் பட்டம் பெற்றவரும், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 2 தேர்வில் தேறி, இரண்டாம் நிலை நகராட்சி ஆணையராக நேரடியாக அமரலாம். ஓரிரு ஆண்டு முன்புவரை நூலகத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர், ஒரு நகரத்தின் இடிப்பு ஆணையிலும் குப்பை ஒப்பந்தத்திலும் ஊதியப் பட்டியலிலும் கையெழுத்திடுகிறார். முதல் நிலை, தேர்வு நிலை, சிறப்பு நிலை நகராட்சிகள் வழியாக மாநகராட்சிப் பொறுப்புகள் வரை ஏணி நீண்டிருக்கிறது. சென்னை போன்ற பெரிய மாநகராட்சிகளில் ஆணையர் இடம் பெரும்பாலும் இந்திய ஆட்சிப் பணியினருக்கு என்பதைத் தவிர, மூன்று வழிகளில் உயரத்துக்கு இதற்கு இணை இல்லை.

விலையும் அதற்கேற்றபடி இருக்கிறது. களத்தைப் பார்க்காத ஆணையர், கீழே இருந்து வரும் குறிப்பை நம்பித்தான் கையெழுத்திட முடியும். நான் பணியாற்றிய ஊர் ஒன்றில், புதிதாக வந்த ஆணையர் ஒருவர் சீல் வைக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். கோப்பில் கதவு எண் 14, களத்தில் பூட்டப்பட்டது 14-ஏ. பிரிவில் நாங்கள் மூவர் பார்த்தும் கவனிக்காத எழுத்து அது. மன்னிப்புக் கேட்டுப் பூட்டைத் திறந்தவர், நீதிமன்றத்தில் நின்றவர், விளக்கம் எழுதியவர் எல்லாம் ஆணையர் ஒருவரே. கையெழுத்திட்டவர் என்ற முறையில், அரசுப் பணியாளர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17(பி) விதியில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தால், அது முடியும் வரை பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் ஏறாது. ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடந்த குறிப்பாணைகள் நல்ல அதிகாரிகள் பலரை இளையவர்களின் கீழே வேலை பார்க்க வைத்திருக்கின்றன. கூடவே நகர்மன்றத் தலைவரும் உறுப்பினர்களும் நாள்தோறும் அறைக்குள் வருவார்கள். ‘அந்தக் கட்டடம் நம்மாளு’ என்ற சொல்லை ஆய்வாளர் தொலைபேசியில் கேட்பார் என்றால், ஆணையர் நேருக்கு நேர் கேட்டு, கேட்டபடியே பதிலும் சொல்ல வேண்டும். இடமாற்றமும் ஆணையருக்குத்தான் அடிக்கடி வரும்.

இவற்றுக்கு வெளியே நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் உதவி இயக்குநர் பணியும், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் அமலாக்கப் பிரிவும் இருக்கின்றன. திட்டமிடலில் ஆர்வமுள்ளவர்களுக்கு அவை ஏற்றவை, ஆனால் 18.30 மீட்டருக்கு மேற்பட்ட உயரக் கட்டடங்களைப் பார்க்கும் அலுவலகத்துக்கும், சாக்கடை முதல் சந்தைக் கடை வாடகை வரை பார்க்கும் நகராட்சிக்கும் நிர்வாகப் பயிற்சியில் உள்ள வேறுபாடு பெரிது. ஆகவே இந்த ஒப்பீட்டில் அவற்றைச் சேர்க்கவில்லை.

கலை, அறிவியல் பட்டதாரிக்குத் தயக்கமே வேண்டாம், ஆணையர் வழிதான். சேர்ந்த முதல் மூன்று மாதமாவது, கையெழுத்திடும் ஒவ்வொரு அமலாக்கக் கோப்புக்கும் நேரில் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தால், அந்த வழியின் பெரிய குறை பாதி தீர்ந்துவிடும். சிவில் பொறியியல் படித்தவருக்கு என் பரிந்துரை வேறு: நகரமைப்பு ஆய்வாளராகச் சேர்ந்து, நான்கைந்து ஆண்டுகள் அறிவிப்பும் குறிப்புரையும் எழுதி, துறையின் தடையின்மைச் சான்றோடு குரூப் 2 எழுதுவது. களத்தைப் பார்த்த கண்ணோடு ஆணையர் நாற்காலியில் அமரும் வாய்ப்பு இந்த ஒரு பாதையில்தான் இருக்கிறது. ஆனால் புதிய பணியில் பணிமூப்பு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும் என்பதையும், பகலெல்லாம் கட்டடம் அளந்துவிட்டு இரவில் தேர்வுக்குப் படிக்க நகராட்சி அலுவலகம் நேரம் விட்டுவைக்காது என்பதையும் வீட்டாரிடம் முன்னரே சொல்லி வைத்துவிட்டுத்தான் விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும்.