அடுத்த பதிப்புக்காகக் காத்திருப்பவர்களுக்கு: ஒலிப்பதிவு மென்பொருள்கள், ஓர் ஒப்பீடு

திருகோணமலையில் மாரி பிடித்துவிட்டால் என் அறையில் பாட்டு எடுக்க முடியாது. உவர்மலையில் வீட்டோடு சேர்ந்த சிறிய ஒலிப்பதிவு அறை அது. மேலே தகரக் கூரை. கார்த்திகை மழை அடிக்கும்போது மைக்கைத் திறந்தால் குரலுக்கு முன்னால் கூரைதான் பாடும். ஆகவே ஆண்டு முழுவதும் தள்ளிவைத்த ஒரு வேலையை அந்தக் கிழமைகளில் செய்கிறேன்: கணினியில் இருக்கும் ஒலிப்பதிவு மென்பொருள்களைப் புதுப்பிப்பது. மற்ற மாதங்களில் எந்த அப்டேட்டையும் தொடுவதில்லை.

இது பட்டுத் தெரிந்துகொண்ட ஒழுங்கு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோயில் திருவிழாவுக்கான பாடல் தொகுப்பு கைக்கு வந்தது. மறுநாள் காலை பாடகர் வருவதாக ஏற்பாடு. முந்தைய இரவு திரையில் புதிய பதிப்பு வந்திருப்பதாக அறிவிப்பு தோன்றியதும் அழுத்திவிட்டேன். விடிந்து பார்த்தால் மென்பொருள் திறக்கிறது, ஆனால் குரலுக்கு வழக்கமாக எதிரொலி சேர்க்கும் ரிவேர்ப் பிளகின், அதாவது துணை மென்பொருள், திறக்கவில்லை. அதை இணைத்திருந்த பழைய கோப்புகளும் பாதியில் நின்றுவிட்டன. மூதூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த அந்தப் பெரியவர் பத்து மணி வரை ஒரு சொல் கடிந்து பேசாமல் உட்கார்ந்திருந்தார். நிறுவனத்திடமிருந்து திருத்தம் வர மூன்று கிழமை ஆனது.

அன்றிலிருந்து, வசதிகளின் பட்டியலை வைத்து நான் ஒரு மென்பொருளை எடைபோடுவதில்லை. அது என்னை எதற்காகக் காக்கவைக்கிறது, எவ்வளவு காலம் காக்கவைக்கிறது, அதற்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்றுதான் பார்க்கிறேன். என்னிடம் பழக வரும் இளைஞர்கள் கேட்பதெல்லாம் இதற்கு நேர்மாறான கேள்வி. "அண்ணா, அடுத்த பதிப்பில் இந்த வசதி வருமாம், அதுவரை பொறுத்து வாங்கட்டுமா?" அவர்களுக்காகவே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

ஒரு வசதியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். பாடகரை ஒரு சரணத்தை ஐந்து முறை பாடவைத்து, முதல் வரியை மூன்றாவதிலிருந்தும் அடுத்த வரியை ஐந்தாவதிலிருந்தும் பொறுக்கிக் கோப்பதைத் தொழிலில் காம்பிங் என்போம். குரல் பதிவில் இதுதான் உயிர்நாடி. ஆப்பிளின் லாஜிக் மென்பொருள் 2007இல் வந்த எட்டாவது பதிப்பிலேயே இதை மவுஸை இழுத்துச் செய்யும் அளவுக்கு எளிதாக்கிவிட்டது. ஏபிள்டன் லைவ் என்ற இன்னொரு மென்பொருளில் 2021 பெப்ரவரியில் வந்த 11ஆம் பதிப்பில்தான் இது கிடைத்தது. இடையே பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல். ரீப்பர் என்ற மென்பொருளில் ஒரே வரியின் பல டேக்குகளை, அதாவது பதிவுகளை, வைத்துத் தேர்ந்தெடுக்கும் முறை முன்பிருந்தே உண்டு. ஆனால் வரிசை வரிசையாக அடுக்கி, மேலே இழுத்துத் தேர்கிற வசதியான வடிவம் 2023 அக்டோபரில் வந்த ஏழாம் பதிப்பில்தான் அமைந்தது. லைவை வைத்திருந்தவர்கள் இத்தனை காலமும் பாட்டே எடுக்காமல் இருந்தார்களா? இல்லை. கத்தரித்து, நகர்த்தி, கையால் ஒட்டினார்கள். நேரம் கூடுதலாகப் போனது, பாட்டு வெளிவந்தது. அப்படிக் கையால் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஒட்டும் வேலையையே தள்ளிவைத்துக் காத்திருக்கக்கூடாது.

இனிக் காசு. 2022இன் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். அதே ஆண்டு மே மாதத்தில் அது 360ஐத் தொட்டது. ரீப்பரின் தனிநபர் உரிமம் 60 டொலர். தை மாதம் பன்னிரண்டாயிரமாக இருந்தது வைகாசியில் இருபத்தோராயிரத்தைத் தாண்டியது. மென்பொருளில் ஒரு பொத்தான்கூட மாறவில்லை. மாதாமாதம் டொலரில் சந்தா கட்டும் முறையை நான் ஏன் எங்கள் ஊருக்குப் பரிந்துரைப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் என்னிடம் இல்லை. சந்தாவில் கிடைக்கும் புரோ டூல்ஸ் உலகெங்கும் பெரிய ஸ்டூடியோக்களின் பொதுமொழி. கொழும்பிலோ சென்னையிலோ அப்படிப்பட்ட ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர விரும்புகிறவர் அதைக் கற்றே ஆகவேண்டும். ஆனால் நடனப் பள்ளி அரங்கேற்றத்துக்கும் பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டிக்கும் பாட்டு எடுத்துக் கொடுக்கும் ஓர் அறை, வேலையில்லாத மாரி மாதங்களிலும் சந்தா கட்டுவது நியாயமில்லை.

கியூபேஸின் கதை வேறு. 1989இல் அட்டாரி கணினிக்காகத் தொடங்கியது. இன்று பரவலாகப் பயன்படும் விஎஸ்டி பிளகின் முறையை 1996இல் உலகுக்குத் தந்ததும் அதே ஸ்டைன்பெர்க் நிறுவனம்தான். அந்த மரியாதை எனக்கு எப்போதும் உண்டு. ஆனாலும் அதன் முழுப் பதிப்பைத் திறக்க யூஎஸ்பி சாவி ஒன்று எப்போதும் கணினியில் செருகியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் நீண்டகாலம் இருந்தது. சாவி உடைந்தால் இந்தக் கரையிலிருந்து யாரைத் தேடிப் போவது? 2022 மார்ச்சில் வந்த 12ஆம் பதிப்பு அந்தச் சாவியை நீக்கியது. பயனாளர்கள் வருடக்கணக்காகக் கேட்டுவந்த விடயம் அது. அதன் பின் 2023 நவம்பரில் 13, 2024 நவம்பரில் 14. ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் மேம்பாட்டுக் கட்டணம் தனி. வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: புதிய பதிப்பு வெளிவருவதற்குச் சற்று முன் பழையதை வாங்கிப் பதிவுசெய்தவருக்குப் புதியதை இலவசமாகக் கொடுக்கும் சலுகைக் காலம் அவர்களிடம் உண்டு. கியூபேஸ்தான் வேண்டும் என்று முடிவெடுத்தவர் தயங்கி நிற்கத் தேவையில்லை.

லைவை வெளியிடும் ஏபிள்டன் அவசரப்படாத நிறுவனம். 2013இல் ஒன்பது, 2018இல் பத்து, 2021இல் பதினொன்று, 2024 மார்ச்சில் பன்னிரண்டு. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை காசு கேட்கும். இடையில் வரும் சிறு திருத்தங்கள் இலவசம். மேடையில் நேரடியாக இயக்குவதற்கு அதற்கு நிகர் இல்லை என்றே நினைக்கிறேன். பன்னிரண்டில், சுரங்கள் சம இடைவெளியில் அமையும் மேற்கத்திய சமசுருதியை விட்டு வேறு சுருதி அமைப்புகளை ஏற்றும் வசதியும் வந்திருக்கிறது. நம் இசைக்குப் பின்னணி அமைப்பவர்கள் பரிசோதித்துப் பார்க்கவேண்டிய இடம் அது.

எங்கள் இளைஞர்கள் அதிகம் விரும்புவது எஃப்.எல். ஸ்டூடியோ. பெல்ஜியத்தின் இமேஜ்-லைன் நிறுவனம் 1997இல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் வெளியிட்டது. ஒருமுறை வாங்கினால் பிறகு வரும் எல்லாப் பதிப்புகளும் வாழ்நாள் முழுவதும் இலவசம் என்பது அவர்கள் கொடுத்த வாக்கு. பத்தாண்டுகளுக்கு முன் வாங்கியவர் 2024இல் வந்த பதிப்பையும் காசின்றி ஏற்றிக்கொண்டார். டொலர் ஏறினாலும் இறங்கினாலும் அவருக்குக் கவலையில்லை. வாங்கும்போது ஒன்றைப் பார்க்கவேண்டும்: மிகக் குறைந்த விலையுள்ள ஃப்ரூட்டி பதிப்பில் நீண்டகாலமாகக் குரலைப் பதிவுசெய்ய முடியாதிருந்தது; அதற்கு புரொடியூசர் பதிப்பு வேண்டியிருந்தது. தாளம் அமைக்கத் தொடங்கிய ஒரு தம்பி, குரல் எடுக்கும் நாள் வந்தபோதுதான் இதைக் கண்டுபிடித்து முகம் வாடி என்னிடம் வந்தார்.

வாழ்நாள் என்ற சொல்லைக் கேட்டால் எனக்குக் கேக்வாக்தான் நினைவுக்கு வருகிறது. 1987இல் டாஸ் காலத்தில் பிறந்த மென்பொருள். அதன் பிற்கால வடிவமான சோனார் பிளாட்டினம் வைத்திருப்போருக்கு வாழ்நாள் புதுப்பிப்புகள் என்று 2016இல் அறிவித்தார்கள். 2017 நவம்பரில், அப்போது அதன் உரிமையாளராக இருந்த கிப்சன் நிறுவனம் அதன் உருவாக்கத்தையே நிறுத்துவதாக அறிவித்தது. வாங்கியவருடைய வாழ்நாள் இருந்தது, மென்பொருளின் வாழ்நாள் முடிந்துவிட்டது. 2018இல் சிங்கப்பூரின் பேண்ட்லேப் அதை வாங்கி எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. அந்தக் காலத்தில் இங்கே எத்தனை பேர் அதில் கைப்பழகினார்கள் என்பதை நான் நேரில் பார்த்தவன். 2023இல் மறுபடியும் அறிவிப்பு: புதிய சோனார் வரப்போகிறது, பழைய இலவசப் பதிப்பு விடைபெறும். பின்னர் அந்தச் சோனாருக்கே ஓர் இலவசப் படிநிலை வந்தது. ஒரே மென்பொருளை நம்பியவர்கள் ஏழெட்டு ஆண்டுகளில் இத்தனை முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கவேண்டி வந்தது. இமேஜ்-லைன் தன் வாக்கைக் கால் நூற்றாண்டாகக் காத்துவருகிறது, அதை மதிக்கிறேன். ஆனால் அந்த வாக்கு நிறுவனம் நிற்கும் வரைக்கும்தான் என்பதையும் வாங்குகிறவர் அறிந்திருக்கவேண்டும்.

லாஜிக் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் மேக் இருந்தால்தான் அந்தப் பேச்சே. 2002இல் ஆப்பிள் எமேஜிக் நிறுவனத்தை வாங்கியதும் விண்டோஸ் பதிப்பு கைவிடப்பட்டது. விண்டோஸில் லாஜிக் வைத்திருந்தவர்கள் அப்படியே கரையில் விடப்பட்டார்கள். 2009இல் வந்த ஒன்பதாம் பதிப்புக்குப் பின் அடுத்தது வர 2013 வரை நான்கு ஆண்டுகள் மௌனம். அதன் பிறகு மட்டும் அவர்கள் நடத்தை மிக நல்லது: 199.99 டொலருக்கு அன்று வாங்கியவருக்கு 2024இல் வந்த 11ஆம் பதிப்பு வரை எல்லாமே இலவசம். ஏற்கெனவே மேக் இருக்கிறவர் வேறெதையும் தேடவேண்டாம். முழு ஒலிநூலகத்தையும் இறக்க 70 ஜிபிக்கு மேல் தேவை. எங்கள் வீட்டு டேட்டா பக்கேஜில் அது மாதக்கணக்கான வேலை. மேக்கில் இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. 2019இல் கட்டலினா வந்தபோது 32 பிட் மென்பொருள்கள் எல்லாம் ஒரே இரவில் வேலை செய்யாமற்போயின. அங்கே லாஜிக்கை மட்டும் பார்த்தால் போதாது, இயங்குதளத்தையும் பார்த்துத்தான் புதுப்பிக்கவேண்டும்.

ஒடாசிட்டி எல்லோருக்கும் முதல் படி. கிண்ணியாவிலிருந்து இஸ்லாமிய கீதம் பாட வரும் பிள்ளைகள்கூட வீட்டில் அதில் ஒத்திகை பதிந்துகொண்டு வருகிறார்கள். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த இலவச மென்பொருளில், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிவேர்ப் போன்றவற்றை மாற்றிக் கேட்கும் வசதி 2022இல் 3.2ஆம் பதிப்பில்தான் வந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள். இலவசமாகக் கொடுப்பவர்களிடம் இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் 2021இல் 3.0 வந்தபோது கோப்பு வகையே மாறிப்போனதைச் சொல்லியாகவேண்டும்: புதியதில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது. பாடசாலைக் கணினியில் பழையதும் வீட்டில் புதியதும் வைத்திருந்த ஆசிரியர்கள் இதில் மாட்டினார்கள். குரல் மட்டும் பதிபவருக்கு ஒடாசிட்டி போதும். பல வாத்தியங்கள் சேரும்போது மாறிவிடுவது நல்லது.

என் அறை ஓடுவது ரீப்பரில். பாட்டுக் கேட்க உதவும் வினாம்ப் மென்பொருளை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கலின் கைவேலை இது; சில கிழமைகளுக்கு ஒருமுறை சிறு திருத்தம் வருகிறது. விண்டோஸுக்கான கோப்பு 20 மெகாபைட்டுக்கும் குறைவு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாதிருந்த காலத்திலும், கைத்தொலைபேசி டேட்டாவில் அதை இறக்கி ஏற்றிக்கொள்ள முடிந்தது. ஓர் உரிமம் இரண்டு பெரிய பதிப்புகளுக்குச் செல்லும். ஆறு 2019 டிசம்பரில் வந்தது, ஏழு 2023 அக்டோபரில். ஆறு வந்தவுடன் வாங்கியவருக்கு ஏழின் கடைசித் திருத்தம் வரைக்கும் வேறு செலவில்லை. 60 நாள் முழுதாகப் பரிசோதித்துப் பார்க்கலாம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப்படுவது இன்னொன்று. பழைய பதிப்பைத் தனி அடைவில் அப்படியே வைத்துக்கொண்டு, புதியதைப் பக்கத்தில் வேறோர் அடைவில் ஏற்றலாம். பழைய பதிப்புகளை அவர்களது தளத்திலேயே எடுக்கவும் முடியும். புதியது சரியில்லை என்றால் அன்று காலையே பழையதைத் திறந்து வேலையைத் தொடரலாம். மூதூர் ஐயா வந்த காலையில் எனக்கு இல்லாமற்போனது இந்த வழிதான்.

குறையும் உண்டு. ரீப்பரோடு வாத்திய ஒலிகள் ஏறக்குறைய எதுவும் வராது. தாளமும் வயலினும் தனியாகத் தேடிச் சேர்க்கவேண்டும். முதல் மாதம் பட்டியல்களுக்குள் வழிதெரியாமல் அலையவேண்டிவரும். தாளமே முதன்மையாக இசை அமைப்பவரை நான் எஃப்.எல். பக்கமே அனுப்புகிறேன். லினக்ஸ் பழகியவருக்கு ஆர்டர் (Ardour) என்ற மென்பொருளும் நல்ல தெரிவு.

எதை வாங்கினாலும் ஒரு வேலையை நான் விடுவதில்லை. பாட்டு முடிந்ததும் குரல், வயலின், தபேலா என்று ஒவ்வொரு தடத்தையும் முழு நீளத்துக்குத் எந்த ஒலிப்பதிவு மென்பொருளிலும் திறக்கும் தனித்தனி வேவ் கோப்பாக எடுத்து இரண்டு வன்தட்டுகளில் வைத்துவிடுகிறேன். கடந்த கச்சான் காற்றுக் காலத்தில் ஒரு பெண் வந்தார். 2016இல் என்னிடம் பாடிய தன் தகப்பனாரின் குரல் இசையில்லாமல் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டார். தகப்பனார் காலமாகி அன்றோடு ஓர் ஆண்டு. அன்று பயன்படுத்திய மென்பொருள் இப்போது என் கணினியில் இல்லை, அந்தக் கோப்பை எதுவும் திறக்கவில்லை. வன்தட்டில் வேவ் இருந்தது. சாளரத்தை மூடிக் காற்றை நிறுத்திவிட்டு, ஸ்பீக்கரில் போட்டுக்கொடுத்தேன்.